ஹைட்ராலிக் கேபிள் கட்டர் வாங்கும்போது வாயின் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள்

நிலத்தடி ஆர்மர் கேபிள் (உள்ளே உலோகக் கவசம் உள்ளது), மேல்நிலைக் கம்பி, அவ்வப்போது ஸ்டே வயர் (மின்கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் கம்பி) என மூன்று வகை வேலையும் உங்களுக்கு வருகிறது. 85 மில்லிமீட்டர் திறக்கும் ஒரே ஹைட்ராலிக் கட்டர் வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதுமா, கையால் பம்ப் செய்வதை வாங்குவதா, பேட்டரியில் ஓடுவதை வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்கு நேரான பதில்: போதாது. இரண்டாவது பாதி, வெட்டப்போகும் இடத்தைப் பொறுத்தது. இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவி தப்பான பொருளில் பட்டால் பிளேடு உடைந்து துண்டு முகத்துக்கு நேராகப் பறக்கும்.

கட்டரின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் மில்லிமீட்டர் கணக்கு, வாய்க்குள் எவ்வளவு தடிமன் நுழையும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. நுழைவதையெல்லாம் வெட்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு உதாரணம் பாருங்கள். 300 சதுர மில்லிமீட்டர் செம்புக் கண்டக்டரின் விட்டம், மேல் உறையை எடுத்துவிட்டால், ஏறக்குறைய 20, 21 மில்லிமீட்டர். மேல்நிலைக் கம்பிகளில் பேந்தர் என்று சொல்கிறோமே, அதன் விட்டமும் 21 மில்லிமீட்டர்தான். கையில் பிடித்தால் இரண்டும் ஒரே பருமன். ஆனால் பேந்தரில் 30 அலுமினிய இழைகளுக்கு நடுவே 7 ஸ்டீல் இழைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். செம்பை வெட்டப் பழகிய பிளேடு அலுமினியத்தைச் சுலபமாகக் கடந்து போய், நடுவில் இருக்கும் ஸ்டீலில் மோதும்.

அந்த மோதல் எவ்வளவு பெரியது என்பதை எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். கேபிளுக்குள் இருக்கும் மென்மையான செம்பு, சதுர மில்லிமீட்டருக்கு 200 முதல் 250 நியூட்டன் இழுவிசையில் அறுந்துவிடும். அலுமினியம் அதைவிடக் குறைவு. நிலத்தடி கேபிளின் ஆர்மர் கம்பி ஸ்டீல்தான் என்றாலும் மென்மையான ரகம், 340 முதல் 500 வரை. மேல்நிலைக் கம்பியின் நடுவில் இருக்கும் ஸ்டீல் 1,300க்கு மேல் போகும். ஸ்டீல் இழைகளை முறுக்கிச் செய்த வயர் ரோப்பில் 1,770, 1,960 என்று தரத்தையே இந்த எண்ணைக் கொண்டுதான் குறிக்கிறார்கள். இழுத்து அறுப்பதும் பிளேடால் வெட்டுவதும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் எந்தப் பொருள் எந்த அளவு எதிர்த்து நிற்கும் என்ற வரிசையை இந்த எண்கள் சரியாகக் காட்டிவிடுகின்றன.

அதனால் கட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கேபிளுக்குள் இருப்பதிலேயே கடினமான உலோகம் எது என்பதுதான். தடிமன் இரண்டாவது.

செம்பு, அலுமினியக் கட்டரின் பிளேடு மெல்லிய விளிம்போடு கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கும். வெட்டு சுத்தமாக விழ அது தேவை. கடினமான ஸ்டீல் இழையில் அதே மெல்லிய விளிம்பு சில்லுச் சில்லாக உதிர்ந்துபோகும். ஸ்டீலுக்கென்று செய்த பிளேடு மொத்தையான விளிம்போடு தடிப்பாக இருக்கும். அதைக் கொண்டு செம்பையும் வெட்டலாம், ஆனால் முனை நசுங்கி வரும். ஆக, எல்லாவற்றையும் சமமாக நன்றாக வெட்டும் பிளேடு என்று ஒன்று இல்லை. விற்பவர் எது சொன்னாலும் நான் நம்புவது கருவியோடு வரும் அட்டவணையைத்தான். அதில் செம்பு, அலுமினியம், ஆர்மர் கேபிள், ஸ்டீல் கோர் கம்பி, வயர் ரோப் என்று தனித்தனியாக விட்டம் போட்டிருக்க வேண்டும். 85 என்று பெயர் உள்ள கருவியிலேயே ஸ்டீல் கோர் கம்பிக்குக் கொடுத்திருக்கும் அளவு அதைவிட மிகக் குறைவாக இருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரு பொருளுக்கு எதிரே எண் இல்லையென்றால் அதை வெட்டக் கூடாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சிட மறந்திருப்பார்கள் என்று நினைத்து முயற்சி செய்ய வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கேபிள் கையில் வந்தால், ஒரு சின்னக் காந்தம் உதவும். வெளி உறையைக் கொஞ்சம் கீறி ஆர்மரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒற்றைக் கோர் ஏசி கேபிள்களில் பெரும்பாலும் அலுமினிய ஆர்மர்தான் இருக்கும். காரணம், ஒரே ஒரு கண்டக்டரைச் சுற்றி ஸ்டீல் இருந்தால் காந்தப்புலத்தால் ஆர்மரே சூடாகிவிடும். மூன்று, மூன்றரை (மூன்று முழு கண்டக்டரும் ஒரு சிறிய நியூட்ரலும்), நான்கு கோர் கேபிள்களில் ஸ்டீல் கம்பியோ ஸ்டீல் பட்டையோ வரும். இதில் பட்டை கொஞ்சம் தொல்லை பிடித்தது. பிளேடு தேய்ந்து நடுவில் இடைவெளி விழுந்திருந்தால், மெல்லிய பட்டை வெட்டுப்படாமல் மடிந்து அந்த இடைவெளிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். மேல்நிலைக் கம்பியைக் காந்தம் வைத்துப் பார்ப்பதைவிட முனையைப் பார்ப்பது நல்லது, நடு இழைகளின் நிறமே சொல்லிவிடும். மின் கோபுர உச்சியில் ஓடும் ஆப்டிகல் ஃபைபர் எர்த் வயரையும் சாதாரண அலுமினியக் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள், அதன் இழைகளிலும் ஸ்டீல் இருக்கும்.

சரி, தடிமனுக்கு வருவோம். இங்கேயும் ஒரு குழப்பம் நடக்கிறது. கேபிளை நாம் சதுர மில்லிமீட்டரில் சொல்கிறோம், கட்டரை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். 300 என்பது கண்டக்டரின் குறுக்குப் பரப்பு, அதற்கும் வாயின் அகலத்துக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. மூன்றரை கோர் 300 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஆர்மர் கேபிள், தாழ் மின்னழுத்த ரகம் என்றால், வெளிவிட்டம் 60 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதே 300, 11 கிலோவோல்ட் மூன்று கோர் என்றால் இன்சுலேஷன் தடிப்பால் இன்னும் எவ்வளவோ பருத்துவிடும். ஆகவே கேபிள் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும் வெளிவிட்டத்தைப் பாருங்கள், அல்லது ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் பெரிய கேபிளின் வெளிவிட்டத்தைவிட வாய் நாலைந்து மில்லிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். டிரம்மிலிருந்து வரும் கேபிள் முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் அழுங்கி இன்னொரு பக்கம் புடைத்திருக்கும். இறுக்கித் திணித்து வெட்டினால் பிளேடு சாய்ந்து போகும்.

டன் கணக்கையும் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 700 பார் அழுத்தத்தை ஒட்டி வேலை செய்கின்றன, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன். பிஸ்டன் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 1,257 சதுர மில்லிமீட்டர், கிடைக்கும் விசை சுமார் 88 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 9 டன். பிஸ்டன் 60 மில்லிமீட்டர் ஆனால் அதே அழுத்தத்தில் 20 டன் வந்துவிடும். ஒரே அமைப்புள்ள இரண்டு கட்டர்களை ஒப்பிட இந்த எண் பயன்படும். அமைப்பு வேறு என்றால் பயன்படாது, ஏனென்றால் கத்தரிக்கோல் போல மூடும் தலையில் பிளேடின் மேல் விழும் விசை, நெம்புகோல் கணக்கில் மாறிவிடும்.

தலை அமைப்பு இரண்டு விதம். ஒன்று, மேல் பிளேடு நிலையாக நிற்க, கீழ் பிளேடு நேராக ஏறி வந்து வெட்டும் கில்லட்டின் வகை. இதில் தலை மூடிய சட்டம்போல இருக்கும், ஒரு பக்கத்தில் பின் அல்லது லாட்ச் கழற்றித் திறந்துகொள்ளலாம். இன்னொன்று, வளைந்த இரண்டு பிளேடுகள் கத்தரிபோல மூடுவது, வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நீளமாகப் போகும் கேபிளை நடுவில் வெட்ட வேண்டுமானால் தலை திறந்தாக வேண்டும், முனையை நுழைக்க வழியில்லையே. பெரிய ஆர்மர் கேபிளுக்கும் ஸ்டீல் இருக்கும் எதற்கும் நான் மூடிய சட்டத்தையே தேர்ந்தெடுப்பேன். இரண்டு பக்கமும் பிடிப்பு இருப்பதால் சட்டம் விரியாது, பிளேடு சாயாது. கேபிள் டிரேயில் நெருக்கமாகக் கிடக்கும் கேபிள்களில் ஒன்றை மட்டும் பிடித்து வெட்ட வேண்டுமானால் திறந்த வாய்தான் வசதி, ஏனென்றால் லாட்சைச் சுற்றிப் போட அங்கே இடமே இருக்காது.

லாட்ச் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் நின்ற நிலையில் அழுத்தம் கொடுத்தால், மொத்த விசையும் பின்னின் நுனியில் விழும். பின் வளையும், இல்லையென்றால் சட்டத்தின் காதே உடையும். இந்தக் கருவிகள் உடைவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. வெட்டும் முன் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தள்ளி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெட்டிய முனை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பழைய கேபிளைத் துண்டுபோட்டு அகற்றுவதற்கு முனை நசுங்கினால் என்ன, வளைந்தால் என்ன. ஆனால் லக் (முனையில் மாட்டும் உலோக இணைப்பு) போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்யப்போகும் முனை வட்டமாக இருந்தால்தான் லக்குக்குள் எல்லா இழையும் போகும். நசுங்கிய முனையில் இழைகள் வெளியே தெறித்து நிற்கும், அவசரத்தில் இரண்டு இழையை வெட்டி எறிந்துவிட்டு லக்கைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இணைப்பு சூடேறுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. வளைந்த பிளேடு கேபிளைச் சுற்றி அணைத்து வெட்டுவதால் வட்டம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். வெல்டிங் கேபிள்போல மெல்லிய இழைகள் நிறைந்தவற்றுக்குப் பிளேடு இடைவெளி மிக நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி நாலைந்து இழைகள் அறுபடாமல் பிளேடுகளுக்கு நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். மெல்லிய இழைக் கேபிள்கள் அட்டவணையில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கையா, பேட்டரியா, தனி பம்பா என்ற கேள்வி.

முதலில், எல்லாவற்றுக்கும் ஹைட்ராலிக் தேவையில்லை. ஆர்மர் இல்லாத ஒற்றைக் கோர் செம்பு, அலுமினியத்தில் 240 சதுர மில்லிமீட்டர் வரையான வேலைக்கு பல்சக்கரத்தால் படிப்படியாக இறுகும் நல்ல ராட்செட் கட்டரே போதும். ஆயில் இல்லை, சீல் இல்லை, எடை குறைவு, முனையும் அழகாக வரும். ஆனால் அதைக் கொண்டு ஸ்டீலைத் தொடவே கூடாது.

கையால் பம்ப் செய்யும் ஹைட்ராலிக், ஒரு நாளைக்கு நாலைந்து வெட்டு என்றால் போதும். சார்ஜ் தீர்ந்தது என்ற பேச்சே கிடையாது. வாங்குவதாக இருந்தால் இரண்டு கட்ட பம்ப் உள்ளதாகப் பாருங்கள். சுமை இல்லாதபோது பிளேடு வேகமாக நகரும், கேபிளைத் தொட்டதும் தானாக அதிக அழுத்தத்துக்கு மாறும். ஒரே கட்ட பம்ப் என்றால் பிளேடு கேபிளைத் தொடுவதற்குள்ளேயே கை ஓய்ந்துவிடும். அப்புறம், இரண்டு கைப்பிடியையும் விரித்து மூட இடம் வேண்டும். குறுகலான குழியிலும் பேனலுக்குப் பின்னாலும் அந்த இடம் கிடைக்காது, ஏணிமேல் நிற்கும்போது இரண்டு கையையும் கட்டருக்குக் கொடுக்கவும் முடியாது.

அங்கேதான் பேட்டரி கட்டர் தன் மதிப்பைக் காட்டுகிறது. விசையை அழுத்தினால் வெட்டும், விட்டால் நிற்கும், வெட்டி முடிந்ததும் பெரும்பாலான மாடல்களில் பிளேடு தானாகத் திரும்பிவிடும். தினமும் கேபிள் போடும் குழுவுக்கு இதைவிட்டு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு சார்ஜில் எத்தனை வெட்டு என்று விளம்பரத்தில் போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட கேபிளுக்கான கணக்கு. அது எந்தக் கேபிள் என்று கேளுங்கள். குளிரில் பேட்டரியும் சோரும், ஆயிலும் கெட்டிப்படும். பெரிய வாய் உள்ள மாடல்களின் எடையையும் மறந்துவிடாதீர்கள், கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்ப்பதும் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்து வெட்டுவதும் வேறு வேறு.

மூன்றாவது வகை, வெட்டும் தலை தனியாகவும் பம்ப் தனியாகவும் இருந்து ஹோஸால் இணைப்பது. 85 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போகும் கேபிள்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். தலையை மட்டும் குழிக்குள் இறக்கி வைத்துவிட்டு, மேலே நின்று காலாலோ மோட்டாராலோ பம்ப் செய்யலாம். அதே பம்பில் கிரிம்பிங் தலையையும் மாட்டிக்கொள்ளலாம், அழுத்தமும், ஹோஸை மாட்டும் கப்ளரும் பொருந்தினால் போதும். ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. கப்ளரைக் கடைசி வரை திருகாமல் விட்டால் உள்ளே இருக்கும் குண்டு வால்வு வழியை அடைத்துக்கொள்ளும். பிளேடு முன்னே போகும், திரும்பி வராது. கருவி பழுது என்று நினைத்துப் பிரிப்பதற்கு முன்னால் அழுத்தத்தை விடுவித்துவிட்டுக் கப்ளரைச் சரிபாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம் நிச்சயமாக இல்லாத கேபிளுக்கு. குழியில் நாலைந்து கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, எது செத்த கேபிள் என்பதில் துளி சந்தேகம் இருக்கிறது என்றால், சாதாரண கட்டர் எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. கைப்பிடியில் இருக்கும் கலர் ரப்பர், வழுக்காமல் பிடிப்பதற்கு. அது மின் காப்பு அல்ல. 1000 வோல்ட் ஏசி வரை வேலை செய்யும் கைக்கருவிகளுக்கான ஐஇசி 60900 குறியீடு கருவியின்மேல் இல்லையென்றால் அதைக் காப்பிடப்பட்ட கருவியாக எண்ணவே வேண்டாம். உயர் மின்னழுத்தக் கேபிளுக்கு அந்தக் குறியீடும் போதாது. அதற்கென்று இஎன் 50340 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட பாதுகாப்பு வெட்டும் கருவிகள் இருக்கின்றன. தலையைக் கேபிளில் மாட்டி, எர்த் செய்து, உலோகப் பின்னல் இல்லாத காப்பு ஹோஸின் மறுமுனையில் பல மீட்டர் தள்ளி நின்று இயக்குவார்கள். வெட்டி முடிந்ததும் ஓடிப்போய்த் தலையை எடுக்கக் கூடாது. லைனில் தானாக மீண்டும் மின்சாரம் கொடுக்கும் அமைப்பு இருக்கலாம், கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் நெருங்க வேண்டும். இந்தக் கருவியும் கடைசித் தற்காப்புதான். கேபிளை அடையாளம் கண்டு, மின்சாரத்தை நிறுத்தி, சோதித்து, எர்த் செய்யும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

மேல்நிலைக் கம்பியில் மின்சாரம் போலவே இழுவிசையும் ஆபத்து. இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியை அப்படியே வெட்டினால் இரண்டு முனையும் சாட்டைபோல அடிக்கும். வெட்டுமிடத்துக்கு இருபுறமும் கிளாம்ப் போட்டு இழுவையைத் தாங்கிப் பிடித்த பிறகே பிளேடை வைக்க வேண்டும். ஸ்டே வயருக்கும் அதுவே. வயர் ரோப்பானால் வெட்டுமிடத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் இறுகச் சுற்றிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வெட்டிய கணத்திலேயே முறுக்கு பிரிந்துவிடும்.

ஆயில் கசிவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும். 700 பாரில் ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே தசை கெட்டுப்போகும், உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய காயம் அது. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள், விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். ஆயில் குறைந்தால் பிளேடை முழுவதும் பின்னுக்கு இழுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன ஹைட்ராலிக் ஆயிலையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மழுங்கிய பிளேடைக் கிரைண்டரில் தீட்டவும் வேண்டாம். சூட்டில் பிளேடின் பதம் போய்விடும், அதன் பிறகு எத்தனை கூர் வைத்தாலும் நிற்காது. மேல் பிளேடும் கீழ் பிளேடும் ஜோடி, மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வாங்கும்போதே உதிரி பிளேடும் சீல் செட்டும் கிடைக்குமா என்று கேட்பது இதனால்தான். அவை கிடைக்காத கட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் பிளேடு போனதும் இரும்புக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் வேலைக்கு என்ன வாங்கலாம்? நிலத்தடி ஆர்மர் கேபிளுக்கு, திறக்கும் லாட்ச் உள்ள 85 மில்லிமீட்டர் தனித் தலை, கூடவே இரண்டு கட்ட பம்ப். ஒரே நாளில் நிறைய வெட்டு விழும் வேலை என்றால் அதே அளவில் பேட்டரி மாடல். மேல்நிலைக் கம்பிக்கும் ஸ்டே வயருக்கும், ஸ்டீலுக்கென்றே அளவு குறிப்பிடப்பட்ட சிறிய கட்டர் ஒன்று தனியாக. வாய் 30, 40 மில்லிமீட்டர் இருந்தாலே பேந்தருக்கு இடம் தாராளம், மூஸ் என்ற பருத்த மேல்நிலைக் கம்பி வந்தால் அதன் விட்டம் 31.77 மில்லிமீட்டர் என்பதை மனதில் வைத்து வாயை முடிவு செய்யுங்கள். இரண்டு கருவிகளின் கைப்பிடியிலும் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று பெயிண்டில் எழுதிவையுங்கள், அட்டவணை பெட்டியோடு எங்கோ போய்விடும். கருவி வந்த அன்றே ஒரு துண்டுக் கேபிளை வெட்டிப் பாருங்கள். பிளேடு இரண்டும் முழுநீளமும் உரசாமல் நெருங்கி நிற்கிறதா, ரிலீஸ் வால்வைத் திறந்ததும் தடையில்லாமல் பின்னால் வருகிறதா, ஆயில் எங்காவது கசிகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்றில் குறை தெரிந்தால், வேலைக்கு எடுத்துப் போகும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.